தோடம்பழப் பாகும் மொறுமொறு கோழியும்: உன்னிச்சைக் குசினிகளுக்கு ஒரு திறந்த மடல்

உன்னிச்சையில் அடுப்படி பார்க்கும் அம்மாமாருக்கும், அக்கா தங்கச்சிமாருக்கும், சமையல் பழக ஆசைப்படும் பொடியன்மாருக்கும்:

மட்டக்களப்பின் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் சமையல் கேட்டு வரும் பிள்ளைகள் குறையவில்லை. கேள்விகள்தான் மாறியிருக்கின்றன. முன்பு தொதலுக்குப் பதம் கேட்டார்கள், பயற்றம் பணியாரம் ஏன் உடைகிறது என்று கேட்டார்கள். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ரீச்சர், அந்த ஒரேஞ்ச் சிக்கன் வீட்டில செய்யலாமா?" என்கிறார்கள். மொறுமொறுவென்று பொரித்து, தோடம்பழச் சாறும் இனிப்பும் காய்ச்சிய பாகில் பிரட்டி எடுக்கும் கோழி அது. டவுனில் எப்போதாவது சாப்பிட்டிருப்பார்கள். போனில் அது செய்யும் காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள்.

செய்யலாம், மனே. நன்றாகவே செய்யலாம். அதற்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒரு தட்டுப் பொரித்த கோழிக்காக உங்கள் பிள்ளைகள் ஆயித்தியமலை, வவுணதீவு தாண்டி, வலையிறவுப் பாலத்தால் டவுனுக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது பொழுதுபட்டு விடுகிறது. இருட்டிய பிறகு படுவான்கரை ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வருவது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனை நிற்கும் இடம் எது, வேலி உடைத்த வயல் யாருடையது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளை வீடு வந்து சேரும்வரை வாசலில் நிற்கும் அம்மாமாரை எனக்குத் தெரியும். அந்தச் சாப்பாடு வீட்டில் கிடைத்தால் அந்தப் பயணமே தேவைப்படாது. டவுன்காரர் குடிக்கும் குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து போய், வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவிக்கு அந்தப் பக்கம் போகிறது. உங்கள் குளத்துத் தண்ணீரில் டவுன் சமைக்கிறது. அங்கே சமைத்ததைத் தேடி நீங்கள் போகத்தான் வேண்டுமா?

தோடம்பழத்திலிருந்து தொடங்குகிறேன். கரடியனாற்றால் போகும் பதுளை வீதியை நேரே பிடித்துப் போனால் மகாஓயா, அதற்கப்பால் பிபிலை. இலங்கையில் தோடம்பழத்துக்குப் பெயர் போன ஊர் பிபிலைதான். விவசாயத் திணைக்களம் வீட்டுத் தோட்டங்களுக்குச் சிபாரிசு செய்யும் ஓர் இனத்துக்கே 'பிபிலை ஸ்வீட்' என்று அந்த ஊரின் பெயர் இருக்கிறது. கடையில் அடுக்கியிருக்கும் மஞ்சள் நிற இறக்குமதிப் பழத்தைப் பார்த்துவிட்டு, நம்முடைய பச்சைத் தோல் பழம் பழுக்காதது என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழையான எண்ணம். இரவில் குளிர் விழுந்தால்தான் தோடையின் தோலில் இருக்கும் பச்சை கலைந்து மஞ்சள் வெளியே தெரியும். நமது இரவுகளில் அந்தக் குளிர் இல்லை. அதனால் உள்ளே நன்றாகப் பழுத்து இனித்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். பாகுக்கு இந்தப் பழம் இன்னும் நல்லது. வெறும் இனிப்பாக இல்லாமல் கொஞ்சம் புளிப்பும் சேர்ந்திருப்பதால் பொரியலின் எண்ணெய்த் தன்மையை அது வெட்டும்.

தேனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மீன் பாடும் தேனாடு என்று பெயர் வாங்கியது நம்முடைய மாவட்டம். சட்டித் தயிர், பச்சையரிசி மா, மிளகு, இஞ்சி, உள்ளி, தேசிக்காய், தேங்காய் எண்ணெய் எல்லாம் உங்கள் குசினியில் இருப்பவை. கடையில் வாங்க வேண்டியது சோள மாவும் பேக்கிங் பவுடரும் ஒரு சிறு போத்தல் சோயா சோஸும் மட்டும்தான். 'கிறிஸ்பி மிக்ஸ்' என்று பைக்கற்றில் அடைத்து விற்கும் தூளை வாங்காதீர்கள் என்று உங்களை வற்புறுத்திக் கேட்கிறேன். அதற்குள் பெரும்பாலும் இருப்பது மாவும் உப்பும் சுவையூட்டியும். அந்தக் காசை இறைச்சியில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

இந்தச் சாப்பாடு எங்கேயிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த தோடைத் தோலைப் போட்டுக் கோழி சமைப்பது சீனாவின் சிச்சுவான், ஹூனான் பக்கத்துப் பழக்கம். அமெரிக்காவின் பாண்டா எக்ஸ்பிரஸ் உணவகத்துக்காக ஹவாயில் 1987ஆம் ஆண்டு அன்டி காவோ என்ற சமையற்காரர் அதை இனிப்புப் பாகாக மாற்றினார். இன்று உலகமெங்கும் ஒரேஞ்ச் சிக்கன் என்று தெரிந்திருப்பது அதுதான். கொரியாவில் பொரித்த கோழியை இனிப்பும் உறைப்பும் கலந்த சோஸில் பிரட்டினார்கள். அங்கே வேலைக்குப் போய் வந்த நம் பிள்ளைகளைக் கேட்டால் அதன் ருசி சொல்வார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் 1951இல் தொடங்கிய புஹாரி ஹோட்டல் சிக்கன் 65இன் பிறப்பிடம் என்று சொல்லப்படுகிறது. அதை நிறுவிய ஏ.எம். புஹாரி கொழும்பில் படித்தவர். மும்பையில் நெல்சன் வாங் 1975இல் சிக்கன் மஞ்சூரியனைச் செய்தார். நமது நாட்டுச் சைனீஸ் கடைகளில் வாழைமிளகாயும் வெங்காயமும் தக்காளி சோஸும் போட்டுப் பிரட்டும் டெவல் கோழியும் இதே குடும்பம்தான். ஒவ்வொரு சமையற்காரரும் தங்கள் ஊரில் கையில் கிடைத்ததை வைத்துத்தான் இதைத் தங்களுடையதாக ஆக்கினார்கள். பிபிலைத் தோடையும் காட்டுத் தேனும் கையில் உள்ள உங்களுக்கு அந்த உரிமை எவரையும்விடக் குறைந்ததில்லை.

இனிக் கோழி. புரொய்லர் என்றால் தொடைப் பகுதியை எடுங்கள். நெஞ்சுப் பகுதி கொஞ்சம் கூட வெந்தாலே காய்ந்து நார் நாராகும். தொடையில் கொழுப்பும் சவ்வும் இருப்பதால் ஒரு நிமிடம் பிந்தினாலும் மன்னிக்கும். பிள்ளைகளுக்கு எலும்பு நீக்கி, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுவது வசதி. பெரியவர்களுக்கு எலும்போடு இருந்தால்தான் ருசி. இந்த மடலில் நான் சொல்லும் அளவெல்லாம் ஒரு கிலோ இறைச்சிக்கு.

உங்களில் பலர் வளவில் ஊர்க்கோழி வளர்க்கிறீர்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமையல் குறிப்புகள் எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஓடி மேய்ந்து, முட்டையிட்டு ஓய்ந்த கோழியை அப்படியே வெட்டி மாவில் தோய்த்துப் பொரித்தால் பல் நோகும். அதன் தசை உழைத்த தசை. தசையைச் சுற்றியிருக்கும் சவ்வு மெல்லக் கரைந்து குழைய நேரமும் ஈரமும் வேண்டும், எண்ணெயில் இருக்கும் சில நிமிடங்கள் அதற்குப் போதாது. அதனால் முதலில் உப்பு, மஞ்சள், இஞ்சித் துண்டு, ரம்பை போட்டு, தண்ணீர் கொதித்துக் குதிக்காமல் மெல்லிய நெருப்பில் அவியுங்கள். ஈர்க்கு இலகுவாக இறங்கும் பதம் வர ஒரு மணித்தியாலமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். கோழியின் வயதுதான் அதைத் தீர்மானிக்கும். பிறகு துண்டுகளை எடுத்துப் பரப்பி, மேலீரம் நன்றாக உலரும்வரை ஆறவிடுங்கள். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டால் அந்த இரவுக்கு ரசம் ஆயிற்று. உலர்ந்த துண்டுகளைத் தயிரில் பிரட்டி, மாவில் தோய்த்து, நல்ல சூட்டில் ஒரே தடவை பொரித்தால் போதும். இறைச்சி ஏற்கெனவே வெந்துவிட்டது, மேல் மட்டும் முறுகினால் சரி. ருசியில் புரொய்லர் இதற்குக் கிட்டவும் வராது என்பது என் முடிவு. நேரம் இருக்கிறவர்கள் கட்டாயம் இப்படிச் செய்யுங்கள்.

புரொய்லருக்குத் திரும்புவோம். ஒரு கிலோ துண்டுக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுதூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத்த இஞ்சியும் உள்ளியும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, அரைக் கோப்பை சட்டித் தயிர், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பிரட்டி ஊற வையுங்கள். எருமைத் தயிர் தடிப்பாக இருந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். ஊற வைக்கத் தேசிக்காய் பிழியும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே அது வேண்டாம். தேசிப்புளி கடுமையானது, நேரம் கூடினால் இறைச்சியின் மேற்பரப்பை இறுக்கி மாவு போலாக்கிவிடும். தயிரின் புளிப்பு மெதுவாக வேலை செய்யும், துண்டின் உள்ளே ஈரத்தையும் காக்கும். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் வீடுகளில் இரவு முழுதும் வைக்கலாம். இல்லாத வீடுகளில் ஒரு மணித்தியாலம் போதும். நமது வெயிலில் பச்சை இறைச்சியை அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

தயிரைச் சொல்லும்போது மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் போராடும் நம் பண்ணையாளரை நினைக்காமல் இருக்க முடியாது. 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து அவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். மாட்டுக்குப் புல் இல்லாவிட்டால் சட்டியில் தயிர் இல்லை. அவர்கள் உறைய வைத்த தயிரைத் தேடி வாங்குங்கள் என்பதுதான் ஒரு சமையல் ரீச்சராக நான் கேட்கக்கூடியது.

மொறுமொறுப்பு வருவது மாவில். முக்கால் கோப்பை அரிசி மா, முக்கால் கோப்பை சோள மா, கால் கோப்பை கோதுமை மா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் உப்பும் மிளகும். கோதுமை மாவில் இழுபடும் பசை இருக்கிறது. அதைத் தனியே போட்டால் பூச்சு ரொட்டி போல மெத்தென்று ஆகும், எண்ணெயும் குடிக்கும். அரிசி மாவில் அந்தப் பசை இல்லை, பொரிந்ததும் நொறுங்கும். படுவான்கரை வயலில் விளைந்த நெல் இடித்த மாவை விட்டுவிட்டு வெறும் கோதுமை மாவில் ஏன் பொரிக்க வேண்டும்? இடியப்பத்துக்கென்று வறுத்து வைத்த மா இருந்தால் அதுவும் உதவும். வறுத்த மா சீக்கிரம் சிவந்துவிடும், அதனால் கண்ணை எடுக்காமல் நில்லுங்கள்.

கடைக் கோழியின் மேல் முள்முள்ளாகப் பொருக்குகள் இருக்குமே, அது எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஊற வைத்த தயிர்க் கலவையில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மாவுக்குள் விட்டு, புட்டுக்குப் பிசிறுவது போல விரல் நுனியால் பிசிறுங்கள். மா சின்னச் சின்ன உதிரிகளாகத் திரளும். அதில் கோழித் துண்டைப் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தி ஒட்ட வைத்து, தட்டில் பரப்பிக் கால் மணித்தியாலம் விடுங்கள். மா ஈரத்தைக் குடித்துத் துண்டோடு பற்றிக்கொள்ளும். இந்தக் கால் மணியைப் பொறுக்காமல் பொரித்தால் பூச்சு கழன்று எண்ணெயில் மிதக்கும்.

பொரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எல்லாம் கெடுவதும் சரியாவதும் இங்கேதான். பொரித்தல் என்பது தண்ணீரை வெளியேற்றும் வேலை. துண்டை எண்ணெயில் போட்டதும் கொப்பளிக்கிறதே, அது எண்ணெய் கொதிப்பதல்ல. மாவிலும் இறைச்சியிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. ஆவி வெளியே பாயும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது குறைவு. சூடு போதாவிட்டால் ஆவியின் வேகம் குறையும், மா எண்ணெயைக் குடித்துச் சொதசொதக்கும். சூடு கூடினால் உள்ளே வேகுமுன் மேல் கருகும். ஆகவே இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதல் தடவை 160 பாகை அளவில், எலும்பில்லாத துண்டுக்கு ஆறேழு நிமிடம், எலும்போடு என்றால் பன்னிரண்டு நிமிடம்வரை. இது உள்ளே வேகுவதற்கு. எடுத்து ஐந்து பத்து நிமிடம் ஆற வையுங்கள். அந்த நேரத்தில் துண்டின் நடுவிலிருக்கும் ஈரம் மெல்ல மேற்பரப்புக்கு வரும். பிறகு 185 பாகைச் சூட்டில் ஒன்றரை, இரண்டு நிமிடம். வந்த ஈரமும் பறந்து மேல்தோடு இறுகிப் பொன்னிறமாகும்.

பாகை பார்க்கக் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மர அகப்பையின் காம்பை எண்ணெயில் நிறுத்துங்கள். அதைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் நிதானமாக எழுந்தால் முதல் பொரியலுக்குச் சரி. சடசடவென்று பொங்கினால் இரண்டாவதுக்குச் சரி. எண்ணெய் புகைந்தால் விறகை உடனே வெளியே இழுங்கள். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பல வீடுகளில் விறகு அடுப்பு திரும்ப மூண்டது. அந்த அடுப்பு இதற்கு நல்லதுதான். முதல் பொரியலுக்கு இரண்டு கொள்ளி, இரண்டாவதுக்கு மூன்று என்று நெருப்பைக் கையால் ஆளலாம். தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் விடாதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டுக்கு மேல் போடாதீர்கள், போட்டால் சூடு இறங்கிவிடும். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்து, உள்ளே சிவப்போ சிவந்த சாறோ இருந்தால் திரும்பப் போடுங்கள். சமையல் வெப்பமானி வாங்க வசதி உள்ளவர்கள் நடுவில் குத்திப் பார்த்தால் 74 பாகை காட்ட வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் அடுப்படியில் ஓடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, நெருப்பு வெடித்துக் கூரை தொடும். தாச்சிக்குப் பொருந்தும் மூடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பொரிக்கத் தொடங்க வேண்டும். மூடினால் அணையும்.

பொரித்ததைப் பத்திரிகைத் தாளில் கொட்டுகிறோம், அது சரியில்லை. அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும் என்பது ஒன்று, அடிப்பக்கத்து ஆவி போக வழியில்லாமல் அந்தப் பக்கம் நமத்துப் போகும் என்பது மற்றொன்று. உங்கள் வீட்டில் பிரம்பு இடியப்பத் தட்டு இருக்கும். அதைக் கவிழ்த்து வைத்து, மேலே துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். காற்று கீழாலும் போகும், கடைகளில் இதற்கென்று வைத்திருக்கும் கம்பித் தட்டு செய்யும் வேலையை அது செய்யும். பிளாஸ்டிக் தட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பாகுக்கு வருகிறேன். நாட்டுத் தோடம்பழம் ஐந்தாறு எடுத்தால் ஒரு கோப்பை சாறு வரும். பிழியுமுன் ஒரு பழத்தின் பச்சைத் தோலை மட்டும் துருவியின் சின்னக் கண்ணில் மேலோட்டமாகத் துருவி வையுங்கள். வாசனை எண்ணெய் இருப்பது அந்த மெல்லிய மேல்தோலில். கீழே உள்ள வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். விதை நசுங்காமல் பிழிந்து, வடித்து, உடனே அடுப்பில் ஏற்றுங்கள். பிழிந்த சாறு நேரம் போகப் போகக் கசப்பேறும் பழங்கள் உண்டு, விடியப் பிழிந்து பொழுதுபடக் காய்ச்சலாம் என்று வைக்காதீர்கள்.

தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த உள்ளியும் இஞ்சியும் வாசம் வர வதக்கி, இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி தூவி, கருகுமுன் சாற்றை ஊற்றுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ். சாறு பாதிக்கும் கீழே வற்றட்டும். பலர் இந்த இடத்தில் பொறுமையிழந்து சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குகிறார்கள். பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும், ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்கப் பாகுக்குள்ளேயே இருக்கிறது. கோழியில் பிரட்டியதும் அது மாப் பூச்சுக்குள் இறங்கி, நீங்கள் இரண்டு தடவை பொரித்து விரட்டிய ஈரத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கொதித்து வற்றிய பாகில் தண்ணீர் குறைவு, சீனி செறிவு. அது மேல்தோட்டின் மேல் கண்ணாடி போல் படிந்து நிற்கும், உள்ளே இறங்க நேரமெடுக்கும். பதம் பார்க்க, ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சரியுங்கள். ஓடாமல் மெல்ல நகர்ந்தால் சரி. விரலால் தொட்டுப் பிரித்தால் ஒரு குட்டைக் கம்பி இழுபட வேண்டும்.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தேன், இரண்டு மேசைக்கரண்டி. தேனை நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதன் பூ வாசம் போய், சீனிப் பாணிக்கும் அதற்கும் வித்தியாசம் இராது. நல்ல விலை கொடுத்து வாங்கிய காட்டுத் தேனை அப்படி வீணாக்கக் கூடாது. துருவிய தோலையும் அரைத் தேசிக்காயின் புளியையும் இப்போதுதான் சேர்க்க வேண்டும். தேன் கிடைக்காவிட்டால் கித்துள் பாணி. ருசி வேறாகும், ஆனால் குறையாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்தைத் தாங்கும் வலு அந்த வயதுக் குடலுக்கு இல்லை. நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள பெரியம்மாமாருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது பொரியல் முடியும் நேரத்தில் பாகு சூடாகத் தயாராக இருக்க வேண்டும். அகன்ற பாத்திரத்தில் கோழியைப் போட்டு, பாகை ஊற்றி, கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்கிப் பிரட்டுங்கள். எள்ளு வறுத்துத் தூவலாம். நான் பொரித்த கறிவேப்பிலை தூவுவேன், அது நம் வாய்க்குப் பழகிய வாசம். பாகுக்குள் கோழி நீந்தக் கூடாது, பூசி மினுங்கினால் போதும்.

மாரி காலத்தில் இன்னும் வேகமாக நடக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் காற்றே ஈரமாக இருக்கும். பொரித்து வைத்த எதுவும் கொஞ்ச நேரத்திலேயே நமத்துவிடும். அந்த நாட்களில் எல்லாரையும் பாயில் இருத்திவிட்டுப் பிறகு பாகில் பிரட்டுங்கள். நத்தார், பெருநாள், தீபாவளி என்று கூட்டம் சேரும்போது முதல் பொரியலைக் கொஞ்சம் முன்னதாக முடித்து வைத்து, ஆட்கள் வந்த பின் இரண்டாவதைச் செய்தால் வீட்டுக்காரிக்கும் சாப்பிட நேரம் கிடைக்கும். இதை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம், கடைசித் துண்டு பொரித்து முடியும்வரை அடுப்படியில் நின்று, ஆறியதைச் சாப்பிடும் அம்மாமாரை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

கோழி வாங்க முடியாத கிழமையில் உங்கள் குளத்து மீன் இருக்கிறது. 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த திலாப்பியா இன்று நமது குளங்களில் வலை போடுகிறவர்களின் வருமானம். முள் நீக்கிய சதையைக் கால் மணி மட்டும் தயிரில் வைத்து, அதே மாவில் பிரட்டி, நல்ல சூட்டில் ஒரே தடவை மூன்று நான்கு நிமிடம் பொரித்தால் போதும். தோடம்பழப் பாகு மீனுக்குக் கோழியைவிடப் பொருந்துகிறது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீடுகளில் காளானில் செய்யலாம், முட்டையை மட்டும் விட்டுவிடுங்கள்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடித்து, மூடி வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு தடவை பாவிக்கலாம். நிறம் கறுத்தாலோ, நுரை கட்டினாலோ, முன்னதைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ அதன் காலம் முடிந்தது. அதை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், சாம்பலிலோ மரத்தூளிலோ ஊறவிட்டு வளவின் மூலையில் புதையுங்கள். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் போகிறது, அந்த வயலின் அரிசி திரும்ப உங்கள் வீட்டுக்கு வருகிறது.

இதைச் செய்து விற்கலாமா என்று கேட்டு எழுதிய தங்கச்சிமாருக்கு: விற்கலாம். பாகை வேறாக, கோழியை வேறாகக் கட்டிக் கொடுங்கள். கோழிப் பொதியில் ஆவி போக இரண்டு துளை விடுங்கள், மூடிய பிளாஸ்டிக் பெட்டி பத்து நிமிடத்தில் எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். பொது சுகாதாரப் பரிசோதகரிடம் முதலே போய்ப் பேசி, வீட்டில் சமைத்து விற்க என்னென்ன தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை இறைச்சி வெட்டும் பலகையும் கத்தியும் வேறு, சமைத்ததற்கு வேறு. சந்தியில் ஒரு சின்ன மேசை போட்டு ஆரம்பித்தால்கூட, டவுனுக்குப் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊரிலேயே நின்றுவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த சனிக்கிழமை யாராவது செய்து பாருங்கள். தோடம்பழம் ஒவ்வொரு மரத்துக்கும் புளிப்பு வேறுபடும், அதனால் சீனியின் அளவை மட்டும் உங்கள் நாக்கைக் கேட்டு மாற்றுங்கள். எந்த மரத்துப் பழத்துக்கு எவ்வளவு சீனி பிடித்தது, ஊர்க்கோழி அவிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். நான் அந்தப் பக்கம் வரும்போது அதைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
படுவான்கரையில் உங்களுக்கு மனைப்பொருளியல் படிப்பித்த ரீச்சர்